விழுதும் எதிரொலியும்: கடலின் ஆழம் கேட்ட வரலாறு

தில்லியில் சாணக்யபுரியின் நடுவே செல்லும் சாந்திபத் என்னும் அகன்ற சாலையில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, ஜப்பான், கனடா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் உள்ளன. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், வேப்பமரங்களுக்கும் உயர்ந்த மதில்களுக்கும் இடையே, கடலாழம் அளக்கும் கருவியின் வரலாற்றுக்கு வேண்டிய நாடுகள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே சாலையில் வரிசையாக நிற்பது தற்செயல். ஆயினும் பயனுள்ள தற்செயல். இன்று இராமேசுவரத்திலோ நீண்டகரையிலோ ஒரு படகுக்காரர் ஆழங்காட்டும் கருவி வாங்கும்போது அவர் முன்னே எழும் கேள்விகள் ஒவ்வொன்றும் (எந்த அதிர்வெண், எவ்வளவு அகலமான கற்றை, எந்த உலோகம், படகின் எந்த இடம்) இந்த நாடுகளில் ஏதோ ஒன்றில், ஏதோ ஒரு நெருக்கடியில் முதன்முதலாகக் கேட்கப்பட்டவையே.

பொதுவாக வாங்குவோர் திரையைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். திரை பெரிதா, வண்ணம் தெளிவா என்பதே பேச்சாகிறது. ஆனால் கருவியின் வாயும் காதும் திரையில் இல்லை. படகின் அடியில், நீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசரில்தான் இருக்கின்றன. மின்துடிப்பை ஒலியாக்கி அனுப்பி, திரும்பும் எதிரொலியை மீண்டும் மின்துடிப்பாக்குவது அதுவே. அது கேளாததைத் திரை காட்ட இயலாது. இச்சிறு உறுப்பின் வரலாறு, ஆழத்தை அளந்த வரலாறு மட்டுமன்று. கடலடியைப் பற்றிய அறிவு யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதன் வரலாறும் ஆகும்.

தொடக்கம் கயிறும் கனமும். கயிற்றின் நுனியில் ஈயக்கட்டியைக் கட்டி இறக்குவதும், தரை தட்டியதும் கயிற்றைக் கைவிரித்து அளந்து இழுப்பதும் உலகெங்கும் ஒரே முறையாக இருந்தன. கை விரித்து அளந்ததால் அளவின் பெயரும் உடலிலிருந்தே பிறந்தது. ஆங்கிலத்தின் 'ஃபேதம்' பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளின் அணைப்பைக் குறித்த சொல். பிரெஞ்சின் 'பிராஸ்' கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கத்தின் 'ஓர்குயா' நீட்டுதல் என்னும் வினையோடு உறவுடையது. அரபு மாலுமிகளின் 'பாஉ', தெலுங்கின் 'பார', சமஸ்கிருதத்தின் 'வியாமம்', அதன் வழிவந்த குஜராத்தியின் 'வாம்', சிங்களத்தின் 'பம்ப' ஆகிய அனைத்தும் விரித்த இரு கைகளின் நீளமே. மலையாளத்தில் மார்பைக் குறிக்கும் சொல்லே இவ்வளவையும் குறிக்கிறது. தமிழ்க் கடற்கரையில் இதற்குப் 'பாகம்' என்று பெயர். இன்றும் மீனவர் பேச்சில் ஆழம் மீட்டரில் அன்று, பாகத்திலேயே சொல்லப்படுகிறது.

தமிழில் இக்கருவிக்கும் பெயருண்டு. விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுலை ஏற்றிச் சென்ற கப்பல் புயலில் அலைக்கழிந்து இரவில் கரையை நெருங்கும்போது மாலுமிகள் இருமுறை ஆழம் பார்க்கின்றனர். முதலில் இருபது, பிறகு பதினைந்து. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'விழுது' என்றும் 'பாகம்' என்றும் சொற்களைக் கையாள்கிறது. கருவிக்கும் அளவுக்கும் புதுச் சொல் படைக்காமல், கடற்கரைத் தமிழில் வழங்கியவற்றை மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொண்டனர் என்றே கருத இடமிருக்கிறது. ஆலின் விழுது மேலிருந்து தரையைத் தேடி இறங்குவதுபோல் கயிறும் இறங்குகிறது. ஆழங்காட்டும் கருவிக்கு இன்று 'ஆழமானி' என்று சொல்லாக்கம் செய்வோர் இச்சொல்லைக் கண்டுகொள்ளாதது வியப்பே.

விழுதுக்கு இன்னொரு திறமும் இருந்தது. ஈயக்கட்டியின் அடியில் சிறு குழி வைத்து அதில் விலங்குக் கொழுப்பை அப்பி இறக்குவர். மேலே வரும்போது அதில் மணலோ சேறோ சிப்பித்துகளோ ஒட்டியிருக்கும். ஒன்றும் ஒட்டாமல் வடு மட்டும் இருந்தால் கீழே பாறை. எரோதத்து எகிப்தைப் பற்றி எழுதுகையில், கரைக்கு ஒருநாள் பயணத் தொலைவிலேயே விழுது பதினொரு பாகத்தில் சேற்றைக் கொண்டுவரும் என்கிறார். ஆழமும் தரையும் சேர்ந்தே இடத்தைச் சொல்லின. ஆழம் மட்டும் அறிந்தவனுக்கு ஓர் எண் கிடைத்தது. தரையையும் அறிந்தவனுக்குத் தான் இருக்கும் இடம் தெரிந்தது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் விழுதுக்கு மிகவும் வேலை வைத்த கடல். பிளினி தம் நூலில் இக்கடல் ஆறு பேரடிக்கு மேற்படாத ஆழமுடையது, ஆனால் சில கால்வாய்களில் நங்கூரம் எட்டாத அளவு ஆழமானது, ஆகவே அங்குள்ள கலங்கள் இருமுனையிலும் அணியம் கொண்டவை, திரும்பாமலே பின்செல்ல வல்லவை என்கிறார். உரோமரின் ஆறு பேரடி ஏறத்தாழ 9 மீட்டர். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி இன்றும் 15 மீட்டருக்குட்பட்ட ஆழமே உடையது என்பதை நினைத்தால், முதல் நூற்றாண்டில் உரோமில் இருந்து எழுதியவரின் எண் வியக்கத்தக்க அளவு சரி. யாரோ ஒரு மாலுமி விழுதுவிட்டுக் கண்ட எண் அது.

தென்கோடியில் ஆழத்தை அளப்பதற்கு மேலான ஒரு முறையும் வளர்ந்தது. கன்னியாகுமரி, திருவனந்தபுரக் கடற்கரைகளின் தூண்டில் மீனவர் கரையிலுள்ள குன்று, தேவாலயக் கோபுரம், தனிப்பனை ஆகியவற்றுள் இரண்டிரண்டை ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்து, அவ்விரு கோடுகள் வெட்டும் இடத்தைக் கொண்டு கடலடிப் பாரைக் கண்டடைவர். இதற்குக் 'கணிச்சம்' என்று பெயர். பார் என்பது கடலடியில் எழுந்த பாறைத்திட்டு. தூத்துக்குடியின் முத்துப்பார்களும் அவ்வாறே பெயரிட்டு அறியப்பட்டவை. கரை மறையும் தொலைவில் கணிச்சம் உதவாது. அங்கே மீண்டும் கயிறே துணை. இவ்வறிவு குடும்பத்துக்குள்ளே கைமாறியது. பாரின் இடத்தை அறிந்தவன் அதை எல்லோர்க்கும் சொல்வதில்லை.

ஒலியால் அளக்கும் எண்ணம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1826இல் கொலாடன், ஸ்டர்ம் இருவரும் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியடித்து, ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,435 மீட்டர் செல்வதை அளந்தனர். ஆனால் அது பயன்பட ஒரு பேரிடர் தேவைப்பட்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கியது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் அலெக்சாந்தர் பெம் எதிரொலியால் ஆழம் காணும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்; அவர் தேடியது பனிப்பாறையை, கிடைத்தது கடலடி. 1914 ஏப்ரலில் கனடாவில் பிறந்த ரெஜினால்டு ஃபெசெண்டன் அமெரிக்கக் கப்பல் ஒன்றிலிருந்து தம் அலைவியால் பனிப்பாறையின் எதிரொலியைக் கேட்டார். கூடவே கடலடியின் எதிரொலியும் வந்தது. அவர் கருவியின் அதிர்வெண் 540 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் நீரில் ஏறத்தாழ 2.8 மீட்டர். அவ்வளவு நீண்ட அலையால் பனிமலையைக் காணலாம். மீனைக் காண இயலாது.

முதல் உலகப்போரின் நீர்மூழ்கிகளே அடுத்த படிக்குக் காரணம். பிரான்சில் போல் லாஞ்செவென் குவார்ட்சுப் படிகத் தகடுகளை எஃகுத் தகடுகளுக்கிடையே பொருத்தி, செவிக்கு எட்டாத சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உண்டாக்கினார். இன்றைய டிரான்ஸ்டியூசர்களின் மூதாதை அதுவே. பின்னர் வந்தவை பொருளில் வேறுபட்டவை: காந்தப்புலத்தில் நீண்டு சுருங்கும் நிக்கல், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பேரியம் டைட்டனேட், 1950களிலிருந்து இன்றுவரை நிலைபெற்ற காரீய சிர்கோனேட் டைட்டனேட் பீங்கான். இவற்றின் பயன் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரே ஒப்பீடு போதும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கயிற்றால் எடுத்த ஆழ்கடல் அளவுகள் ஐந்நூறைத் தாண்டவில்லை. 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் சென்ற ஜெர்மனியின் மீட்டியோர் எதிரொலியால் எடுத்தவை 67,000க்கும் மேல். இந்தியப் பெருங்கடலிலும் இந்தியாவின் விலங்கியல் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த சீமோர் சீவெல் 1933-34இல் மபாகித் என்னும் எகிப்தியக் கப்பலில் ஜான் முர்ரே ஆய்வுப் பயணத்தை நடத்தியபோது எதிரொலிக் கருவி உடன் சென்றது.

இங்கே ஓர் இழப்பும் நேர்ந்தது. எதிரொலிக் கருவி ஆழத்தைச் சொன்னது. கொழுப்பில் ஒட்டிய மணலைச் சொல்லவில்லை. விழுது சொன்ன இரண்டில் ஒன்றைப் புதிய கருவி விட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெற்றுத் தந்தவர்களுள் முன்னிற்போர் மீனவர்களே. 1930களில் நார்வேயின் மீன்பிடிப் படகுத் தலைவர் ரெய்னர்ட் பொக்ன் தம் கருவியின் காகிதப் பதிவில் தரைக்கு மேலே தென்பட்ட கறைகள் மீன்கூட்டம் என்று கண்டு 1934இல் அதை வெளியிட்டார். இங்கிலாந்தில் ரொனால்டு பால்ஸ் என்னும் படகுத் தலைவரும் அதே ஆண்டுகளில் தாமே பதிவுகளைத் தொகுத்துவந்தார். 1935இல் ஆஸ்கர் சுந்த் லோஃபோட்டன் காட் மீன்களின் எதிரொலிப் பதிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோதுதான் அது அறிவியலாயிற்று. பின் 1948இல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் போருக்குப்பின் எஞ்சிய படைக்கருவிகளைக் கொண்டு சிறு படகுகளுக்கான மீன்தேடும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். நார்வேயில் சிம்ராட் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. கறையின் தடிப்பும் நீளமும் பார்த்துச் சேறு எது, பார் எது என்று பிரித்தறியும் கலையும் இக்காலத்தில்தான் உருவாயிற்று. கடினத் தரை ஒலியை வலுவாகத் திருப்பும், இரண்டாம் எதிரொலியும் தரும். சேறு ஒலியை உறிஞ்சும்.

இந்தியாவின் கதை 1952 அக்டோபரில் ஐக்கிய நாடுகள், நார்வே, இந்தியா ஆகிய மூன்றும் செய்த உடன்படிக்கையோடு தொடங்குகிறது. நார்வே வேறொரு நாட்டில் மேற்கொண்ட முதல் வளர்ச்சி உதவித் திட்டம் அது. 1953 முதல் கொல்லத்துக்கு அருகில் நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் இந்தோ-நார்வே திட்டம் நடந்தது. முதலில் நாட்டுக்கலங்களுக்கு எந்திரம் பூட்ட முயன்று, அது சரிவராததால் புதிய எந்திரப்படகுகளை வடிவமைத்தனர். 1963இல் தலைமையிடம் எர்ணாகுளத்துக்கு மாறியது; மண்டபம் உள்ளிட்ட இடங்களுக்கும் பணி விரிந்தது. திட்டத்தின் 'வருணா' ஆய்வுக்கப்பல் தென்மேற்குக் கடலடியில் நடத்திய தேடல் மீன்பிடிப்பின் முடிவுகளை எ.கோ. சைலாஸ் 1969இல் வெளியிட்டார். கரைக்கப்பால் பாறைத் தரையில் களவா மீன், அதற்கும் அப்பால் ஆழ்கடல் இறால் எனத் தரையும் மீனும் சேர்த்தே அதில் வரையப்பட்டன. கணிச்சம் அறிந்த மீனவர் தம் நினைவில் வைத்திருந்த வகை அறிவு இப்போது அச்சில், அட்டவணையாக, யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி வந்தது.

இதன் விளைவு குறித்து ஒருமனதான தீர்ப்பு இல்லை. நார்வே மானிடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளாவுசென் 1968இலேயே கேரள மீனவரையும் இத்திட்டத்தையும் குறித்து நூலெழுதினார்; ஜான் குரியன் 1985இல் எழுதிய கட்டுரை, உள்ளூர் உணவுக்கான மீன் என்னும் தொடக்க நோக்கம் ஏற்றுமதி இறாலாக உருமாறியதைக் காட்டியது. இறால் தரையோடு வாழ்வது. அதைப் பிடிக்கும் இழுவலைக்குப் பாரற்ற சமதரை வேண்டும். தூண்டில்காரர் பாரைத் தேடினார். இழுவலைக்காரர் பாரை விலக்கத் தேடினார். ஒரே எதிரொலி இருவருக்கும் எதிரெதிர்ச் செய்தி. இந்தக் கருவி நடுநிலையானது என்று சொல்வோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

இனி வாங்குவோரின் கேள்விகளுக்கு வரலாம். அவை மேற்கூறிய வரலாற்றின் சுருக்கமே. முதலாவது அதிர்வெண். ஃபெசெண்டனின் நீண்ட அலை தொலைதூரம் சென்றது, நுணுக்கம் காணவில்லை. அந்தப் பேரம் இன்றும் மாறவில்லை. சந்தையில் பொதுவான 50 கிலோஹெர்ட்சின் அலைநீளம் நீரில் 3 சென்டிமீட்டர். 200 கிலோஹெர்ட்சுக்கு 7.5 மில்லிமீட்டர். உயர் அதிர்வெண் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் கடல்நீர் அதை விரைவில் உறிஞ்சிவிடும். இரண்டாவது கற்றையின் அகலம். அது அலைநீளத்துக்கும் பீங்கான் வட்டின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஒரே கோணத்தை 200இலிருந்து 50 கிலோஹெர்ட்சில் பெற நான்கு மடங்கு விட்டம் வேண்டும். ஆகவேதான் சிறு டிரான்ஸ்டியூசர்களில் 200 கிலோஹெர்ட்சின் கற்றை சுமார் 12 பாகை, 50 கிலோஹெர்ட்சின் கற்றை சுமார் 45 பாகை என அமைகின்றன. 10 மீட்டர் ஆழத்தில் முதற்கற்றை 2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கும். இரண்டாவது 8 மீட்டருக்கு மேல். 50 மீட்டரில் அது 10 மீட்டரும் 41 மீட்டருமாக விரியும். அகன்ற கற்றை அவ்வட்டத்துள் மிக அருகிலுள்ள மேட்டையே தரையென்று காட்டிவிடும். சரிவான பாரின் அருகே அது ஏமாற்றும்.

இவ்விடத்தில் சிறு குறிப்பொன்று. பல கருவிகள் ஒலியின் வேகத்தை நொடிக்கு 1,500 மீட்டர் என்று கொள்கின்றன. தமிழகக் கடலின் வெதுவெதுப்பான நீரில் அது 1,540ஐ ஒட்டியது. ஆகையால் உண்மையில் 100 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் திரை சுமார் 97 என்று காட்டும். பிழை பாதுகாப்பின் பக்கமே சாய்கிறது என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மூன்றாவது, படகின் உடல். கட்டுமரத்துக்கு இக்கருவியைப் பொருத்தத் துளையிடுவதற்கேற்ற அடிப்புறமே இல்லை. கட்டைகளுக்கிடையே நீர் ஏறி இறங்கும் கலம் அது. மரப்படகில் பித்தளை அல்லது வெண்கல உறையே ஏற்றது; மரம் நீரில் ஊறி உப்பும்போது பிளாஸ்டிக் உறை பிளந்துவிடக்கூடும். எஃகு, அலுமினியப் படகுகளில் வெண்கலத்தை நேரே பொருத்தினால் உப்புநீரில் மின்வேதி அரிப்பு தொடங்கும். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகக் கடற்கரையெங்கும் பெருகிய கண்ணாடியிழைப் படகுகளில் துளையிடாமலே உட்புறத்தில் ஒட்டிச் சுவரினூடே ஒலியை அனுப்பலாம். ஆனால் சுவர் திண்ணிய இழையாக இருக்க வேண்டும். நடுவே நுரையோ மரமோ இருந்தால் அதிலுள்ள காற்று ஒலியைத் தடுத்துவிடும். பசையில் ஒரு குமிழி இருந்தாலும் அதே தடை. இம்முறையில் ஒலியின் ஒரு பகுதி சுவரிலேயே தேய்ந்துபோகும் என்பதும் உண்மை. ஆழமற்ற கடலில் அத்தேய்மானம் தெரியாது.

காற்றே இக்கருவியின் முதற்பகை. விசிறி கிளப்பும் நுரையும் அணியம் மோதி எழுப்பும் குமிழிகளும் எதிரொலியை மறைக்கும். எனவே பெரிய மரப்படகுகளில் அணியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட பகுதியில், சரிவான அடிப்புறத்தைச் சமனாக்கும் கட்டையோடு பொருத்துவர். அமரத்தில் மாட்டும் மலிவான வகை வெளிப்பொருத்து எந்திரம் உள்ள சிறு படகுக்கே பொருந்தும். விலையுயர்ந்த கருவியைத் தவறான இடத்தில் பொருத்துவதைவிட எளிய கருவியைச் சரியான இடத்தில் பொருத்துவது மேல் என்பதில் ஐயமில்லை.

சொல்வழக்கில் நேர்ந்தது இன்னொரு செய்தி. பாக் விரிகுடாவில் தமிழகப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்த செய்திகளில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வலை எனப் பறிபோன பொருள்களின் பட்டியல் வழக்கமாகிவிட்டது. விழுது என்னும் சொல் அப்பட்டியலில் இடம்பெறாது. ஆனால் எக்கோ சவுண்டர் காட்டும் எண்ணை மீனவர் பாகமாகவே சொல்கிறார். கருவியின் பெயர் ஆங்கிலமாகியும் அளவின் பெயர் உடலை விட்டு நீங்கவில்லை.

அவ்விரிகுடாவின் இழுவலைத் தகராறே இன்று இக்கருவியின் தேர்வையும் மாற்றுகிறது. 2017 ஜூலையில் இலங்கை அடிமட்ட இழுவலையைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே மாதம் இந்தியா, பாக் விரிகுடாவின் இழுவலைப் படகுகளில் 2,000ஐ விடுவித்து, படகொன்றுக்கு 80 இலட்சம் ரூபாய் மதிப்பில் சூரைமீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. நீண்டகரைத் திட்டத்தைப் போலவே இதுவும் தலைநகரில் முடிவானது. 10 மீட்டர் ஆழத்தில் ஓடிய படகுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் உறுப்பு போதும். மன்னார் வளைகுடாவைக் கடந்து ஆயிரம் மீட்டருக்கு அப்பால் செல்லும் படகுக்கு அது ஊமை. அங்கே 50 அல்லது 28 கிலோஹெர்ட்சும் ஒரு கிலோவாட்டோ அதற்கு மேலோ ஆற்றலும் வேண்டும். வட்டு பெரிது, எடை பெரிது, அடிப்புறத்தில் இடும் துளையும் பெரிது. ஆனால் நடுநீரில் தொங்கும் நீள்தூண்டிலுக்குத் தரை எங்கிருக்கிறது என்பதே முதன்மையான கேள்வியன்று. அப்படகின் அடிமரமான ஏரா இழுவலைப் படகினதைவிடத் தாழ்ந்திருப்பதால் இராமேசுவரத்தின் ஆழமற்ற கரை அதற்கு ஒவ்வாது. மன்னார் வளைகுடாப் பக்கத்தில் மூக்கையூரில் புதிய துறைமுகம் கட்டப்பட்டது. அத்துறைமுகத்துக்குள் நுழையும்போது சுக்கான் பிடித்தவர் திரையில் பார்ப்பது ஏராவுக்குக் கீழே இன்னும் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை. அதற்குப் பழைய 200 கிலோஹெர்ட்சே தகுந்தது. ஆகவே இத்தகைய படகுகளுக்கு இரு அதிர்வெண் கொண்ட டிரான்ஸ்டியூசரை வாங்குவதே முறை.